காது வைத்த காசு

பொன்னின் குரலை நான் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். அன்று மழை. நமுனுகுல மலை முகம் காட்டாத நாள். அந்தச் சத்தம் இன்னும் என்னை விடவில்லை. கோப்பையில் கரண்டி பட்டால்கூட, இந்த வயதிலும், வேலையை மறந்து நின்றுவிடுகிறேன்.

பரிசம் போட்ட ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலை பாக்கு, சேலையோடு ஒரு பவுன் காசும் தாம்பாளத்தில் வைத்தார்கள். கயிற்றில் கோப்பதற்காகக் காசின் தலையில் சிறு வளையம் பற்றவைத்திருந்தது. காது என்போம் அதை. மாப்பிள்ளையின் அம்மா மஞ்சள் தடவி என் கையில் கொடுத்தார். அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுத்து, கடித்துக்கொண்டு குடிக்க உள்ளங்கையில் கருப்பட்டித் துண்டை வைத்தேன்.

"இதுவே போதுமே, தேத்தண்ணி எதுக்கு?" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. போதும். மனசு அப்போதே அவர்கள் தேயிலைத் தோட்டத்துக்கு நடக்கத் தொடங்கிவிட்டது.

அவர்கள் போனதும் அம்மாவின் முகம் மாறியது. எங்கள் லயத்து வீட்டு வரிசையில் ஒருத்தியிடம் வளையல்காரன் முலாம் பூசிய பித்தளையைப் பவுன் என்று தள்ளிவிட்டுப் போயிருந்தான். அந்தப் பயம் ஒவ்வொரு வீட்டிலும் புகைபோலத் தங்கியிருந்தது.

"பதுளை நகைக்கடை நானாகிட்டக் காட்டலாமே" என்றார் அப்பா.

"கடைவீதியே சிரிக்கட்டும்னா?"

"அப்ப தணல்ல போடு. பித்தளைன்னா கறுத்துரும்."

"மஞ்சள் தொட்ட பரிசக் காசை நெருப்புல போடுவாங்களா? புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு?"

"கடிச்சாவது பாரு."

"வெத்தில போட்டு ஆடுற பல்லு. உங்க சம்பந்திக்காக அதையும் விடவா?"

மிஞ்சியது சத்தம்தான்; நல்ல காசு கல்லில் விழுந்தால் பாடும் என்பார்கள். முந்தானையில் முடிந்திருந்த வெள்ளி ரூபாயை அம்மா அம்மிக்கல்லில் போட்டாள். கிண்ணென்று நீண்டு அடங்கியது. அடுத்து பவுன். டொக். மறுபடி எடுத்துப் போட்டாள். டொக். அடுப்போரம் நின்று நான் அந்தக் காசைக் கும்பிட்டேன். பாடு, ஒரு தடவை பாடிவிடு.

"செத்த காசு" என்றாள் அம்மா.

பேச வேண்டும், வாருங்கள் என்று அப்பா ஆள் அனுப்பினார். கல்யாண நாள் குறிக்கத்தான் என்று நினைத்து, அடுத்த ஞாயிறு தாயும் மகனும் வந்தார்கள். நனைந்த கம்பளி, காலில் அட்டை கடித்த ரத்தம், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அப்பா தாம்பாளத்தை அப்படியே திருப்பி நீட்டினார்.

"காசு சத்தம் சரியில்லைங்க."

அந்த அம்மாள் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எதுல போட்டுப் பாத்தீங்க?"

"அம்மியில."

"காதோடயா?"

"ஆமாங்க."

தாம்பாளத்தில் கிடந்த பாக்குவெட்டியை எடுத்தார். காசின் காதை அதன் வாயில் கொடுத்து ஒரே நெரி. வளையம் தெறித்து எங்கோ உருண்டது. காசை அம்மியில் போட்டார்.

பாடியது. தகரக் கூரையில் கொட்டிய மழையை அறுத்துக்கொண்டு, மெல்லிசாக, நீளமாக, முடியவே மனமில்லாமல். பொய்யில்லை, பொய்யில்லை என்று உள்ளே குதித்தேன்.

"காது பத்தவச்ச காசு சத்தம் போடாதுங்க. இது எங்கம்மா கழுத்துல கெடந்தது. ஒரு வார்த்தை என்னையக் கேட்டிருக்கலாம்."

"தெரியாமப் போச்சு சம்பந்தி. மனசுல வைக்காதீங்க. காசை வைங்க" என்றார் அப்பா. குரல் கெஞ்சியது.

"வேணாங்க. இன்னைக்குக் காசைத் தட்டிப் பாத்தீங்க. நாளைக்கு என் மகனைத் தட்டிப் பாப்பீங்க. சேலையைப் பொண்ணு வச்சுக்கட்டும்."

அவர் மகன் வாசலில் நனைந்தபடி நின்றார். என்னைப் பார்த்தார், தாயைப் பார்த்தார். தாய் படியிறங்கியதும் பின்னாலேயே போனார். பிறகு கொஸ்லந்தப் பக்கம் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

அவர்கள் போன பிறகு, அடுப்படியைக் கூட்டும்போது அந்த வளையம் அம்மாவின் கையில் அகப்பட்டது. யாரையும் கேட்காமல் தணலில் வைத்து ஊதினாள். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கறுக்கவில்லை.

"இதுவும் பவுன்தான்" என்றாள் அம்மா.

அப்பா வாசலுக்குப் போய் மழையைப் பார்த்து நின்றார். மடித்த சேலை தாம்பாளத்திலேயே கிடந்தது.