சும்மாதான் போட்டு வச்சிருக்கா

எம்மக ஃபாரத்தை அனுப்புன அன்னிக்கே நான் வீட்டுல சட்டம் போட்டுட்டேன். இந்தச் சேதி நம்ம மூணு பேரைத் தாண்டக் கூடாது. கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக் கூடாது. பாளையம்பட்டியில எங்களுக்குப் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடை. மாட்டுத் தீவனம் வாங்க வாரவுக அம்புட்டுப் பேரும் ஊர்க்கதையையும் சேத்துக் கொண்டாருவாக. அங்க ஒரு வார்த்தை விழுந்தா, மதியத்துக்குள்ள அது பந்தல்குடி போயி டீ குடிச்சிட்டுத் திரும்பி வந்துரும்.

விசயம் இதான். பன்னெண்டாவது படிக்கிற எம்மக டெல்லிப் பக்கம் ஒரு பெரிய யுனிவர்சிட்டிக்குப் போட்டிருந்தா. அங்க இடம் கிடைக்கிறது குதிரைக் கொம்பு. ஆனா பரிச்சைக்கு முன்னாடியே, மார்கழியிலயே, மொத சுத்துல கொஞ்சப் பேரை எடுத்துக்கிருவாகளாம். அதுல போடணும்னா, இடம் குடுத்தாக் கட்டாயம் சேருவேன், வேற எங்கயும் போக மாட்டேன்னு பிள்ளை எழுதிக் குடுக்கணும். பெத்தவுகளும் கையெழுத்துப் போடணும். "அடுத்த சுத்துல நாடு பூராவும் வந்து விழும்மா, எனக்கு வாய்ப்புன்னா இது ஒண்ணுதான்"னு சொன்னா. எங்க வீட்டுக்காரவுக அரை மனசாத்தான் கையெழுத்துப் போட்டாக. "குமாரலிங்கபுரத்துல துணி மில்லுகளுக்குன்னு பெரிய பார்க்கு வருதுங்கிறாக. இங்கனயே படிச்சா வேலையும் பக்கத்துலயே கிடைக்கும். சரி, தை பொறக்குறதுக்குள்ள இடம் கிடைச்சாப் போகட்டும். இல்லைன்னா மதுரையில சேத்து விட்டுருவேன், அப்புறம் அழக் கூடாது"ன்னுட்டாக. அவுக சொன்னா சொன்னதுதான்.

ஒரு டீச்சர் இவளைப் பத்தி எழுதி அனுப்பணும்னு அதுல ஒரு விதி. கணக்கு டீச்சர் எழுதினாக. தங்கமான மனுசி. நன்றி சொல்லத்தான் நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். "உங்க பொண்ணுக்குக் கண்டிப்பாக் கிடைக்கும், பாருங்க"ன்னு அவுக ஆரம்பிச்சதும் எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. பக்கத்துல வேற ரெண்டு டீச்சருக காதைத் தீட்டிக்கிட்டு இருந்தாக. சட்டுனு சொல்லிட்டேன்: "அட நீங்க வேற டீச்சர்! சும்மாதான் போட்டு வச்சிருக்கா. அம்புட்டுத் தூரம் பொம்பளைப் பிள்ளையை யாரு அனுப்புவா? மதுரையிலதான் சேக்கப் போறோம்."

எங்க பக்கம் எல்லாரும் இப்படித்தான். மூட்டை மூட்டையா வெளைஞ்ச வருசமும், "என்னத்த வெளைஞ்சது போங்க, எல்லாம் பதரு"ம்போம். கேக்குறவனும் நம்ப மாட்டான், தலையாட்டிட்டுப் போயிருவான். ஆனா அந்த டீச்சர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரவுக. நம்பிட்டாக. அது எனக்கு அப்பத் தெரியல.

கார்த்திகைக் கடைசி முகூர்த்தம், திருச்சுழியில ஒரு கல்யாணம். ஞாயித்துக்கிழமை. அருப்புக்கோட்டையில பஸ்ஸு ஏறுனா, அதே கல்யாணத்துக்குப் போற டீச்சர் உக்காந்திருந்தாக. கூப்பிட்டுப் பக்கத்துல இடம் குடுத்தாக. பஸ்ஸு ஊரைத் தாண்டுச்சு. ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம்.

"போன வாரம் அந்த யுனிவர்சிட்டியிலிருந்து எனக்கு போன் பண்ணாங்க"ன்னாக. "எல்லாம் நல்லாத்தான் கேட்டாங்க. கடைசியா, இடம் குடுத்தாப் பொண்ணு நிச்சயமா வருவாளா, வீட்டுல அனுப்புவாங்களான்னாங்க. நான் எப்படிங்க பொய் சொல்றது? அனுப்ப மாட்டாங்க, சும்மாதான் போட்டிருக்கா, அவங்கம்மாவே சொன்னாங்கன்னு சொல்லிட்டேன்."

நுணலும் தன் வாயால் கெடும்பாக. தவளையாவது தன் உசுரைத்தான் குடுக்கும். நான் பெத்த பிள்ளை தலையில மண்ணை அள்ளிப் போட்டிருக்கேன். பஸ்ஸுக்குள்ள அம்புட்டுக் கூட்டம், எனக்கு ஒரு சத்தமும் கேக்கல. அந்த ஃபாரத்துக்காக அவ ராத்திரி பகலா எழுதினது, அடிச்சது, திருப்பி எழுதினது, அதெல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு. டீச்சர் கையைப் பிடிச்சுக்கிட்டேன். "நான் பொய் சொல்லிட்டேன் டீச்சர். கண்ணு பட்டுரும்னு அப்படிச் சொன்னேன். அவளுக்கு இதை விட்டா வேற வழி இல்ல."

அவுக கையை மெதுவா உருவிக்கிட்டாக. அப்புறம், "அவளுக்காக நாலு நாள் உக்காந்து எழுதினவ நானுங்க. என் கண்ணும் உங்களுக்குக் கொள்ளிக்கண்ணாப் போச்சா?"ன்னாக. இல்ல டீச்சர், அந்த ரெண்டு பேரைப் பாத்துத்தான்னு சொல்லலாம். சொன்னா அதுவும் முழு நெசம் இல்ல. நான் குனிஞ்சுக்கிட்டேன்.

திருச்சுழியில எறங்கினதும் டீச்சர் அந்த யுனிவர்சிட்டிக்குப் போன் போட்டுப் பாத்தாக. யாரும் எடுக்கல. "நாளைக்கு எழுதிப் போடுறேன். ஏத்துக்குவாங்களான்னு தெரியாது. ஆனா இந்தத் தடவை உங்க வாயால எனக்குத் தெளிவாச் சொல்லுங்க. நெசமாவே அனுப்புவீங்களா?"

அனுப்புவேன்னு சொல்ல வாயெடுத்தேன். வரல. இத்தனை நாளும் கிடைக்காமப் போயிருமோன்னுதான் பயந்தேன்னு நெனச்சிருந்தேன். கிடைச்சா அவ போயிருவாங்கிற பயம் அதுக்கு அடியில கிடந்திருக்கு. அன்னிக்குப் பள்ளிக்கூடத்துல அந்தப் பொய் அம்புட்டு லேசா என் வாயில வந்துச்சே, ஏன்? நெனைக்கவே கூசுச்சு. "அனுப்புவோம் டீச்சர், சத்தியமா"ன்னேன்.

அதுக்கப்புறம் முடிவு வார வரைக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மக சிரிச்சாப் பயம், பேசாம இருந்தாப் பயம். "என்னம்மா, எனக்குக் கிடைக்குமா?"ன்னு தெனமும் கேப்பா. "போடி, வேலையைப் பாரு"ன்னு எரிஞ்சு விழுவேன். சொல்லிரலாம்னு நாலு தடவை பக்கத்துல போயி, துணியை மடிச்சு வச்சிட்டு வந்தேன். கடையில எடைக்கல்லை மாத்திப் போட்டு வீட்டுக்காரவுககிட்ட ஏச்சும் வாங்கினேன். டீச்சர்கிட்டயிருந்து ஒரு வரி வரல. கேக்கவும் எனக்கு மூஞ்சி இல்ல.

மார்கழியில ஒரு சாயங்காலம் ஆறு மணிக்கு முடிவு. அவ போனைத் தொறந்து பாத்தா, நான் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். "அம்மா!"ன்னு ஒரு கத்து கத்துனா பாருங்க, செத்தேன்னுதான் நெனச்சேன். கிடைச்சிருந்துச்சு. அவுகப்பா தோள் துண்டால மூஞ்சியை மூடிக்கிட்டுக் கடைப்பக்கம் போயிட்டாக. அவ என்னைக் கட்டிக்கிட்டு, "யாருக்கும் சொல்லாமப் பொத்திப் பொத்தி வச்சியே, அதான் கிடைச்சிருக்கு"ன்னா.

"மொதல்ல டீச்சருக்குச் சொல்றேன்"னு உடனே போன் போட்டா, ஸ்பீக்கர்ல சத்தமா வச்சு. வேணாம்னு தடுக்கவா முடியும்? நான் சொன்ன பொய்யைப் பத்தி டீச்சர் ஒரு வார்த்தை விட்டாப் போதும். டீச்சர் சிரிச்சாக, அழுதாக. அப்புறம், "உங்கம்மாவை மறந்துராத. கண்டிப்பா அனுப்புவோம்னு எங்கிட்டச் சத்தியம் பண்ணினாங்க. அதை அப்படியே எழுதிப் போட்டேன்"னாக. மத்ததைச் சொல்லல. வச்சிட்டாக.

மக என்னையே பாத்தா. பாத்துட்டு, என் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிஞ்சா. நான் காலை இழுத்துக்கிட்டேன்.