வெங்காயத்தில் ஒன்று குறைந்தது

அறுபதுகளில், புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் போன பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு தாவரவியல் வாத்தியார். ஒல்லியான உடம்பு, கட்டைவிரலில் கழுவினாலும் போகாத சிவப்புச் சாயம். வெங்காய வேரின் நுனியைச் சாயத்தில் ஊறவைத்து, கண்ணாடிச் சில்லுக்கு அடியில் வைத்து அந்த விரலால்தான் நசுக்குவாராம். அப்படி மைக்ராஸ்கோப்பில் தெரிந்த பதினாறு குரோமோசோம்களையும் காகிதத்தில் பெரிதாக வரைந்து, தனித்தனியாகக் கத்தரித்து வைத்திருந்தார். அன்று மாலை திருச்சியில் அவருடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியரிடம் காட்டியாக வேண்டும். மடியில் அட்டையைப் போட்டு, ஒவ்வொன்றாக ஸ்கேலால் அளந்து, ஒரே நீளம் உள்ளவற்றை ஜோடி சேர்த்துக்கொண்டே வந்தார்.

கீரனூர் தாண்டியதும் ஒன்று ஜன்னல் வழியே பறந்துவிட்டது. அவர் போட்ட கூச்சலில் பஸ்ஸே நின்றது. நாங்கள் இறங்கி ஓடுவதற்குள் ரோட்டோரத்து ஆடு அதை மென்று விழுங்கிவிட்டது.

“அதோட ஜோடி இருக்குல்ல சார், அதப் பாத்து இன்னொண்ணு வெட்டிக்கங்க” என்றார் கண்டக்டர்.

“அளக்காம அதுதான் ஜோடின்னு எப்படிங்க சொல்றது?”

“அப்ப விடுங்க. வெங்காயத்துல ஒண்ணு கொறஞ்சிருச்சு, ஆட்டுல ஒண்ணு கூடிருச்சு. ஏறுங்க, நேரமாச்சு.”

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். ஏறி உட்கார்ந்தவர் திருச்சி வரை மீதிப் பதினைந்தையும் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே வந்தார். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, கவலையோடு கேட்டார்:

“ஆட்டுக்கு இதுக்கு முன்னாடி எத்தனை குரோமோசோமுங்க இருந்திருக்கும்?”