வெறுமையாகத் திரும்பாத டப்பா

நாங்கள் வேலை செய்யும் பல்கலைக்கழகம் ஊழியர்களுக்குப் புதிய நடத்தை விதிகள் எழுதத் தொடங்கியபோது, எங்கள் பகுதியின் சார்பில் என்னை அந்தக் குழுவுக்கு அனுப்பினார்கள். நான் சட்டம் படித்தவன் அல்ல, வரவேற்பு மேசையில் இருப்பவன். “நீ எப்பிடியும் கதைச்சுக் கொண்டுதானே இருக்கிறாய், அதை அங்க போய்க் கதை” என்றார் பக்கத்து மேசை அக்கா. அதைவிட நல்ல சான்றிதழ் எனக்கு இதுவரை யாரும் தந்ததில்லை.

அக்கா மன்னார்க்காரர். நோயினால் பரீட்சைக்கு வரமுடியாத மாணவர்களின் விண்ணப்பங்களைப் பார்த்து முடிவு சொல்வது அவர் வேலை.

வரைவில் ஒரு விதி இருந்தது. மாணவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ எந்தப் பரிசும் பெறக்கூடாது, வந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நியாயம்தானே என்று நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். மாலை ரயிலில் அக்காவிடம் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

“அப்ப என்ர டப்பா?”

போன வருடம் ஒரு மாணவிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. அவளைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து விமானம் ஏறி வந்த தாய், எங்கள் நகரின் ஹில்ஸ்பரோ பகுதியில் மகளோடு தங்கிவிட்டார். மறுபரீட்சை முடிந்த பிறகு, நன்றிக்கு ஒரு டப்பா நிறையப் பயத்தம் பணியாரம் அனுப்பினார். அக்கா அதில் தேங்காய்ப்பாலில் இறுகக் கிண்டிய இனிப்பான தொதல் வைத்துத் திருப்பினார். தொதல் போன டப்பா முறுக்கோடு வந்தது. அன்றிலிருந்து அது ஓயவில்லை.

“திருப்பிக் குடுக்கச் சொல்லித்தானே எழுதியிருக்கு? நான் ஒவ்வொரு முறையும் திருப்பித்தானே குடுக்கிறன்.”

“வெறுமையாக் குடுக்கோணும் அக்கா.”

“வெறும் டப்பாவோ? அந்த மனிசி என்னைப் பற்றி என்ன நினைப்பா? மகள் விடிய வெளிக்கிட்டால் பொழுதுபடத்தான் வருவா. அதுவரைக்கும் அவவுக்குக் கதைக்க இஞ்ச ஆர் இருக்கினம்?”

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். “அந்தப் பிள்ளை இந்த முறையும் விண்ணப்பம் போட்டிருக்கு. என்ர மேசையிலதான் கிடக்கு.”

நான் இறங்க வேண்டிய கிளென் ஈடன் நிலையம் எப்போதோ போய்விட்டது. அக்காவோடு அவர் இறங்கும் ரானுயி வரை போய், எதிர்ப்பக்க ரயில் பிடித்துத் திரும்பினேன்.

அடுத்த கூட்டத்தில், இன்னார் என்று காட்டாமல் கதையைச் சொன்னேன். தலைமை தாங்கியவர் ஒரு வழக்கறிஞர். காகிதத்தை விட்டு முகம் எடுக்காத மனிதர், அன்று எடுத்தார். இதில் பரிசு கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று கேட்டார். அது அந்த இருவருக்குமே தெரியாது என்றேன். சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. ஒருவர் தொதல் எப்படிச் செய்வது என்று விசாரித்தார்.

அதன்பின் தலைவர் மெதுவாகக் கேட்டார், அந்த மாணவியின் விண்ணப்பத்தை முடிவு செய்பவரும் இவரேதானா என்று. ஆம் என்று சொல்ல வேண்டியிருந்தது. “டப்பாவில் தவறில்லை, மேசையில்தான் இருக்கிறது” என்றார் அவர். அந்த வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

விதியை மாற்றி எழுதினோம். பகிர்ந்து உண்ணும் பண்டத்துக்குத் தடையில்லை. ஆனால் அப்படிப் பழகும் குடும்பத்தின் விடயத்தில் முடிவெடுக்கக்கூடாது, மேலாளரிடம் சொல்லி வேறொருவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

பயந்துகொண்டே அக்காவிடம் காட்டினேன். வாசித்தார், எழுந்தார், அந்த விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குள் போனார். வெறுங்கையோடு வெளியே வந்தார்.

“விண்ணப்பத்தை அவ பாக்கட்டும். டப்பாவை நான் பாக்கிறன்.”

மதிய இடைவேளையில் ஹில்ஸ்பரோவில் இருக்கும் தாய்க்குப் போன் எடுத்தார்.

“அக்கா, உங்கட முறுக்கில உப்புக் கூட. கன நாளாச் சொல்லோணும் எண்டு இருந்தனான்.”

மறுமுனையில் தாய் சிரித்த சிரிப்பும் சொன்ன பதிலும் என் மேசை வரைக்கும் கேட்டன.

“உங்கட தொதல் மட்டும் என்னவாம்? பல்லைக் கழட்டிப்போடும்.”