அறுநூறு கொசுவும் ஓர் உபகாரச் சம்பளமும்

கொசுவை அடிக்கிற கூட்டத்துக்கு நடுவே கொசுவை வளர்த்துச் சம்பளம் வாங்குகிற தொழில் ஒன்று உண்டு. நான் அதில்தான் இருந்தேன்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதிது. மலாக்காவில் அரசாங்கக் காய்ச்சல் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் நான் லேப் உதவியாளர். வெள்ளைக்கார டாக்டர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்டுப் போகிற மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார உள்ளூர் ஆள் வேண்டுமே என்று புது அரசாங்கம் உபகாரச் சம்பளம் அறிவித்தது. கோலாலம்பூரிலும் லண்டனிலுமாக இரண்டு வருஷம் பயிற்சி. திரும்பி வந்தால் ஆராய்ச்சியாளர் வேலை. இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று எனக்கு வேண்டும். சோறு தண்ணீர் இறங்காத அளவுக்கு வேண்டும். அரசாங்கத்துக்கு மனுப் போட்டுவிட்டுத் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும். கேளுங்கள்.

முதல் நாள் பந்தி

பரிசோதனைக்குக் கொசு வேண்டும் என்றால் கொசுவுக்குச் சாப்பாடு வேண்டும். ஆண் கொசு சாது. சர்க்கரைத் தண்ணீரில் காலம் தள்ளிவிடும். பெண் கொசு முட்டையிட ரத்தம் கேட்கும். லேபில் புதிதாகச் சேர்ந்தவர் யாரோ அவர் கைதான் சாப்பாடு. இது எழுதி வைக்காத சட்டம். இது நோயில்லாத கொசு, லேபிலேயே பிறந்து வளர்ந்தது என்று எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். யாரும் தங்கள் கையை நீட்டவில்லை.

மஸ்லின் துணி கட்டிய கூண்டு. அதில் சட்டையின் கை மாதிரி ஒரு வாய். அதற்குள் முழங்கை வரைக்கும் விட்டுக் கால் மணி நேரம் உட்கார வேண்டும். முதல் நாள் நாலு கொசு உட்கார்ந்ததுமே கையை உதறிவிட்டேன். எனக்கு வேலை பழக்க வந்த மூத்த உதவியாளர் இஸ்மாயிலுக்கு வந்ததே கோபம். எங்கள் லேபில் தமிழர்களோடு பழகிப் பழகி அவர் தமிழ் எங்களைவிடச் சுத்தம்.

“சாப்பிடும்போது யாரையும் எழுப்பக் கூடாது. உங்க வீட்டுல இதெல்லாம் சொல்லிக் குடுக்கலியா?”

பாரத்தில் இல்லாத வேலை

உபகாரச் சம்பள மனுப் பாரத்தை மூன்று பிரதி எழுதிக்கொண்டு எங்கள் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி சாமிநாதனிடம் போனேன். எந்தத் துறையில் பயிற்சி என்று ஒரு கேள்வி. பக்கத்தில் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது. ஆசிரியர், தாதி, சட்டம், பொறியியல், விவசாயம், கால்நடை வளர்ப்பு. ஆராய்ச்சி என்று ஒன்று இல்லை. பக்கத்தில் நானே ஒரு கட்டம் வரைந்து எழுதட்டுமா என்று கேட்டேன். கோயில் சுவரில் கரி கொண்டு எழுதட்டுமா என்று கேட்ட மாதிரி என்னைப் பார்த்தார்.

“நீ என்னா வேலை பாக்குற?” என்றார். “கொசு வளர்க்கிறேன்” என்றேன். “கொசு செடியா?” “இல்லைங்க.” “மனுசனா?” “இல்லைங்க.” “அப்புறம் என்னா, கால்நடை வளர்ப்பு!” என்று அந்தக் கட்டத்தில் அவரே அழுத்தமாக ஒரு கோடு போட்டார். மூன்று பிரதியிலும் போட்டார். எனக்கு அழுகை வந்தது. வெளியே வந்ததும் சிரிப்பும் வந்தது. அவர் சொன்னதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

“பாரத்துல இல்லாத வேலையை கவர்மெண்டுல யாரும் பாக்க முடியாது, தங்கச்சி.”

மங்குஸ்தான் முத்திரை

படித்துவிட்டு லண்டனிலேயே தங்கிவிட்டால் அரசாங்கம் யாரைப் பிடிப்பது? அதற்காக ஜாமீன் பத்திரம் ஒன்று. சொந்த வீடு உள்ளவர் கையெழுத்துப் போட வேண்டும். என் அப்பா ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவுகிற டிரெஸர்; காஜா பெராங்கில் நாங்கள் இருந்தது வாடகை வீடு. பக்கத்து வீடு தேவராஜா பிள்ளைக்குச் சொந்தம். அவர் சிட்டி சமூகத்தவர், பல தலைமுறைக்கு முன்னே மலாக்காவில் குடியேறி மலாய் பேசிப் பழகிய தமிழ் வம்சம். வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம், நெற்றியில் விபூதி, வாயைத் திறந்தால் மலாய். அவரிடம் போய் அப்பா பத்திரத்தை மலாயில் படித்துச் சொன்னார். பிள்ளை மாமா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, இவ்வளவு பெரிய விஷயத்தில் முன்னோர்களைக் கேட்காமல் கையெழுத்துப் போட முடியாது, பழப் பார்ச்சு வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

பார்ச்சு என்பது அவர்கள் முன்னோர்களுக்குப் படைக்கிற நாள். பழ சீசனில் வருகிற படையலில் டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தான், மாம்பழம் எல்லாம் வாழையிலையில் குவிந்திருக்கும். என் ஜாமீன் பத்திரமும் அன்றைக்கு அந்த இலையில் பழங்களுக்கு நடுவே உட்கார்ந்தது. சாம்பிராணி போட்டுச் சொல்ல வேண்டியதைச் சொல்லி, மாமா மங்குஸ்தான் உரித்த கையோடு பேனாவைப் பிடித்தார். கையெழுத்துக்குப் பக்கத்தில் ஊதாச் சிவப்பில் ஒரு கட்டைவிரல். மங்குஸ்தான் கறை துணியிலிருந்தே போகாது, காகிதத்திலிருந்தா போகும்? அப்பா பதறிப்போனார். மாமாவுக்கு ஒரே சந்தோஷம். மலாயில் அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“பெரியவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. இனிமே உங்க பொண்ணு எங்க ஓடினாலும் அவங்க பாத்துக்குவாங்க.”

பண்ணையைப் பார்க்க வந்தவர்

சாமிநாதன் போட்ட கோடு சும்மா இருக்குமா? ஒரு மாதம் கழித்து லேபுக்கு ஒரு ஜீப் வந்தது. ரப்பர் பூட்ஸ் போட்ட மலாய்க்கார மாட்டு டாக்டர் இறங்கினார். உபகாரச் சம்பளத்துக்கு மனுப் போட்டிருக்கும் பெண்ணின் பண்ணையைப் பார்த்து அறிக்கை எழுத வந்திருக்கிறாராம். எத்தனை உருப்படி என்றார். உள்ளதைச் சொன்னேன்: அறுநூறு இருக்கும். மனிதர் அசந்துபோனார். என்னை மேலும் கீழும் பார்த்தார். எங்கே மேய்கின்றன என்றார். மேய்ச்சல் இல்லை, நான்தான் தீனி என்றேன்.

பேசிப் பிரயோஜனம் இல்லை என்று கூண்டுக்கு முன்னால் கூட்டிக்கொண்டுபோய்க் கையை உள்ளே விட்டுக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து பத்து நிமிஷம் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் நல்ல மனிதர். வந்த வேலையை முடிக்காமல் போகக் கூடாது என்று பாரத்தைப் பூர்த்தி செய்தார். கால்நடைகள் ஆரோக்கியம், பராமரிப்பு மிகவும் நன்று, ஆராய்ச்சிப் பிரிவுக்கு அனுப்பவும் என்று எழுதி, முத்திரையும் குத்தினார். ஜீப்பில் ஏறும்போது இஸ்மாயிலிடம் சொன்னாராம்.

“இருபது வருசமா பண்ணை பாக்குறேன். முதலாளியையே மேயுற மந்தைய இன்னிக்குத்தான் பாத்தேன்.”

உப்புப் பார்த்தது

நேர்முகத் தேர்வு கோலாலம்பூரில். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் அடுத்த மாதம் ஊருக்குப் போகப்போகும் வெள்ளைக்காரர். சொந்தமாக ஏதாவது ஆராய்ச்சி செய்திருக்கிறாயா என்றார். கிளேபாங் கடற்கரைக் குட்டைகளிலிருந்து கொண்டுவந்த கொசுப் புழுக்கள் குழாய்த் தண்ணீரில் செத்துப்போனதையும், கொஞ்சம் உப்புப் போட்டதும் பிழைத்து வளர்ந்ததையும் சொன்னேன். மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்கு மனசுக்குள் மேளம் கொட்டியது.

“எவ்வளவு உப்பு?” என்றார் ஒருவர். மேளம் நின்றுவிட்டது. உப்பை அளக்கிற கருவி எங்கள் லேபில் கிடையாது. ரசத்துக்குப் பார்க்கிற மாதிரி குட்டைத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, அதே ருசி வருகிற வரைக்கும் லேப் தண்ணீரில் உப்புப் போட்டேன். அதைத்தான் சொன்னேன். வேறு என்ன சொல்வது? ஒருவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். வெள்ளைக்காரர் மட்டும் சிரிக்காமல் எதையோ எழுதிக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

“இந்தப் பெண்ணை எடுக்கிறீர்களோ இல்லையோ, அவள் சாவதற்குள் அந்த லேபுக்கு ஒரு கருவி வாங்கிக் கொடுங்கள்.”

அப்பா கொடுத்த காய்ச்சல்

ஒரு வாரத்துக்குள் மருத்துவச் சான்றிதழ் அனுப்பு என்றார்கள். ரத்தத்தில் மலேரியா இருந்தால் மனு தள்ளுபடி. அப்பா வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே ரத்தம் கொடுத்தேன். இளம் டாக்டர் மைக்ராஸ்கோப்பைப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டார். கண்ணாடித்துண்டு முழுக்க ஊதாப் புள்ளி. மலேரியா! லண்டன் போயிற்று என்று நினைத்தேன். ஆனாலும் நானும் ஒரு தடவை பார்க்கிறேன் என்று கெஞ்சி உட்கார்ந்தேன். புள்ளிகள் ரத்த அணுவுக்குள்ளே இல்லை, மேலே மிதந்துகொண்டிருந்தன. சாயத்தை வடிகட்டாமல் ஊற்றினால் அதன் துகள்கள் இப்படித்தான் கிருமி வேஷம் போடும்.

சாயத்தை நானே வடிகட்டி, விரலை மறுபடியும் குத்தி, புதிதாக ஒரு துண்டு செய்து வைத்தேன். ஒரு புள்ளி இல்லை. டாக்டர் கைகொடுத்தார். அன்றைக்குக் காலையில் சாயம் கலந்தது யார் என்று கேட்டார். கதவோரத்தில் வெள்ளை யூனிஃபாரத்தில் அப்பா நின்றார். மகளின் ரத்தமாயிற்றே என்று தானே கலக்கிறேன் என்று வாங்கி, பதற்றத்தில் வடிகட்டவே மறந்திருக்கிறார். கண்ணெல்லாம் தண்ணீர்.

“முப்பது வருசத்துல எத்தனையோ பேருக்குக் காய்ச்சல இறக்கியிருக்கேன். பெத்த பொண்ணுக்கு மட்டும் ஏத்திட்டேனே!”

நீளக் கை ரவிக்கை

பிறகு இரண்டு மாதம் கோலாலம்பூரிலிருந்து மூச்சு இல்லை. அந்த இடைவெளியில்தான் சிகாமாட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை தபால் அலுவலகத்தில் கிராணி. அம்மா எனக்கு மணிக்கட்டு வரைக்கும் கை வைத்து ரவிக்கை தைத்திருந்தாள். என் கையில் கொசு சாப்பிட்ட இடம் வட்டம் வட்டமாக எப்போதும் இருக்கும். “கையை மட்டும் தூக்காதே” என்று அம்மா நாலு தடவை சொன்னாள். காப்பித் தட்டைத் தூக்காமல் எப்படிக் கொடுப்பது? மாப்பிள்ளையின் பெரியம்மா கண்ணில் பட்டுவிட்டது. ரவிக்கைக் கையை மேலே சுருட்டிப் பார்த்து, “அம்மையா?” என்றார்.

இனி மறைத்து ஆகப்போவது என்ன என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கூண்டு, கால் மணி நேரம், அறுநூறு கொசு. வந்தவர்கள் காப்பியைக் கீழே வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் தலையைக் குனிந்துகொண்டு “வலிக்குமா?” என்று கேட்டார். நல்ல பையன், குறை சொல்ல மாட்டேன். சம்பந்தம் முறிந்தது என்று நான் உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தபோதுதான் பெரியம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

“கொசுவுக்கே அசையாம கை குடுக்குற பொண்ணு, மாமியாருக்கு அடங்காமலா போயிடும்? எங்களுக்குச் சம்மதம்.”

இரண்டு பதில்

ஆவணிக்குள் கல்யாணம், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று தரகர் வந்துவிட்டார். உபகாரச் சம்பளமோ வருமா வராதா தெரியாது. கல்யாணமானவளை அரசாங்கம் கப்பலேற்றாது என்பது மட்டும் தெரியும். அப்பா, “கையில இருக்கிற ஒண்ண விட்டுட்டு...” என்று ஆரம்பித்து முடிக்காமல் நின்றார். எனக்கு வேண்டாம் என்று சொல்லத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. தபாலில் ஒன்றும் வராமல் போனால் என்ன செய்வது என்கிற பயம் அதை அங்கேயே பிடித்து வைத்தது. அடுப்படியிலிருந்து அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் லேபில் சேர்ந்த நாளிலிருந்து என் கையைப் பார்த்துப் பார்த்து அழுதவள். தரகருக்கு முன்னால் நின்று, தைரியமாக ஒரு பொய் சொன்னாள்: “என் பொண்ண கவர்மெண்டு முன்னாடியே கேட்டுட்டாங்க. நாங்களும் வாக்குக் குடுத்துட்டோம். ஒரு பொண்ணுக்கு ரெண்டு எடத்துல வாக்குக் குடுக்குற பழக்கம் எங்க குடும்பத்துல இல்ல.”

தரகர் போனதும் நான் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு மூன்று வாரம் எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. அம்மாதான் எல்லாரையும்விட மோசம். தபால்காரர் நீளமான பழுப்பு உறையைக் கொடுத்த அன்றைக்குக் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். அவளுக்கு இங்கிலீஷ் ஓர் எழுத்து தெரியாது. எனக்கு இடம் கிடைத்துவிட்டது, கப்பல் டிக்கெட்டும் அவர்கள் செலவு என்று தமிழில் சொன்ன பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“நல்ல வேளை, என்னைப் பொய்க்காரி ஆக்காம கவர்மெண்டு மானத்தக் காப்பாத்திட்டாங்க.”

அரசாங்கம்தான் என்னைத் தேர்ந்தெடுத்து ஆராய்ச்சியாளர் ஆக்கியது என்று என் பைலில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. அதற்கு மூன்று வாரம் முன்னாலேயே காஜா பெராங்கில் ஓர் அடுப்படியில் அந்த உத்தரவு பிறந்துவிட்ட விஷயம் மட்டும், எழுதுவதற்குப் பாரத்தில் கட்டம் இல்லாததால், விட்டுப்போயிருக்கிறது.