விலாவில் ஒரு சின்ன வெட்டு

சிலிகோன் தோலின் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவி நீவி மெலிதாக்குகிறாள். ஓரம் தடித்தால் ஒட்டு தெரிந்துவிடும். பிறகு தன் முன்கையிலேயே ஒட்டிப் பார்க்கிறாள். நேற்றுச் செய்த தீக்காயம் இன்னும் அங்கேயே இருக்கிறது. பஸ்ஸில் அதைப் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள். "காலை நீட்டி உக்காரலாம்" என்பாள்.

சினிமாவுக்குக் காயம் செய்வது தொழில். எல்லோருக்கும் அவள் காயக்கா. ரத்தத்தைச் சீனிப்பாகில் காய்ச்சி, நாக்கில் தொட்டுப் பார்த்த பிறகுதான் புட்டியில் ஊற்றுவாள். வலது காது மந்தம். இளமையில், கத்திப் பாடும் பங்க் இசைக்குழுக்களின் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று ஆடியதன் மிச்சம்.

இப்போது அந்தப் பங்க் கூட்டத்தைப் பற்றியே ஒரு படம். நாலைந்து பேர் சொந்தக் காசைப் போட்டு எடுக்கிறார்கள். குத்து, வெட்டு, கொலை. படம் முடியுமுன்பே சுவரெல்லாம் சுவரொட்டி. முடியைச் சேவல் கொண்டையாக நிறுத்திய பிள்ளைகள் பட்டறைச் சன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கிறார்கள்.

"காயக்கா, பாட்டுக்காரன் சாகுற சீன்ல ரத்தம் கூரை வரைக்கும் அடிக்குமாமே?"

"அடிக்கும். முன் வரிசையில உக்காரு, அப்பவாவது அந்தச் சட்டையைத் துவைப்ப."

சிரித்துக்கொண்டே போகிறார்கள். நிஜத்தில் செத்த அந்தப் பாட்டுக்காரன் அவளுடைய தம்பி என்பது அவர்களுக்குத் தெரியாது.

இயக்குநருக்கு அது தெரியும். ஆனால் அவர் கேள்விப்பட்டதெல்லாம் ஊர்வாய்க் கதை: கழுத்தில் வெட்டு, பீறிட்ட ரத்தம். நடந்தது அப்படியல்ல. மேடையிலிருந்து கூட்டத்துக்குள் குதித்தவனை யாரோ விலாவில் குத்தினார்கள். கறுப்புச் சட்டை, ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவன் விழுந்தால் உடனே தூக்கிவிட வேண்டும். அது அவர்களுடைய மரியாதை. தூக்கினார்கள். விளையாட்டென்று நினைத்துத் தலைக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றி, அவன் பாட்டையே பாடிக்கொண்டு அரங்கு முழுக்கச் சுற்றி வந்தார்கள்.

இயக்குநர் உள்ளே வந்தார்.

"அக்கா, கழுத்து ரெடியா? ரத்தம் பீச்ச பம்ப் வாங்கியாச்சு."

"கழுத்து இல்ல. விலா."

அவள் முன்கையில் இருந்ததை அவர் குனிந்து பார்த்தார். நகத்தளவு வெட்டு.

"இது பின்வரிசைக்குத் தெரியவே தெரியாதேக்கா. ஜனம் ரத்தத்துக்குத்தான் காத்துக்கிட்டிருக்கு."

"தெரிய வேணாம். அவனைத் தூக்கிட்டுப் போறப்ப தியேட்டரும் சேந்து கத்தணும். கீழ இறக்குனப்புறம் தெரியட்டும்."

"இப்படித்தான் நடந்துச்சா? உங்களுக்கு எப்படி…"

"என் கைக்கும் வந்தான். முதுகு ஈரமா இருந்துச்சு. வேர்வைன்னு நெனச்சு அடுத்தவங்களுக்குத் தள்ளிவிட்டேன்."

இயக்குநர் அந்த வெட்டை மறுபடியும் குனிந்து பார்த்தார். பிறகு, "பம்ப்பைத் திருப்பிக் கொடுத்துடறேன்" என்றார்.

அவள் வெட்டை ஓரத்திலிருந்து மெல்ல உரித்து, பஞ்சு விரித்த டப்பாவில் படுக்க வைத்தாள். அவர் ஒரு கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. மற்றக் கையும் வந்து சேர்ந்த பிறகே அந்த இரண்டு கைகளிலும் டப்பாவை வைத்தாள்.