அச்சுக்குப் பின்னால் பாரம்

அவரைத் தராசு என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் சும்மா கிடந்தது. ஒரு மூட்டையை, ஒரு பீரோவை, பாதி காலியான டிரம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் சொல்லும் எடைக்கும் எடைமேடை சொல்லும் எடைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. சரக்குக் கொட்டகையில் லாரிகளுக்குப் பாரம் ஏற்றிய காலத்தில் கிடைத்த பட்டம் அது. எது அடியில் போக வேண்டும், எது எதன்மேல் சாயலாம், கயிறு எந்த மூலையில் தேயும் என்பதையெல்லாம் யாரும் அவரை உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. பார்த்தார், செய்தார், சரிந்து விழுந்ததைத் திரும்ப அடுக்கினார்.

ஒருநாள் அவரே லாரியின் மேலடுக்கிலிருந்து விழுந்தார். முதுகு போயிற்று. எழுந்து நடமாட முடிந்ததே பெரிய விஷயம் என்றார்கள். குனிந்து எடை தூக்குவது அத்தோடு நின்றது. இடது கால் நினைத்தபோது மரத்துப்போகும். கிளட்ச் மிதிக்க முடியாததால் கார் ஓட்டுவதை விட்டுவிட்டுக் கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மாறினார்.

மனைவி தரைக்குப் பாலிஷ் போடுகிறவள். பெரிய கட்டடங்களில் கல் தரையைத் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்குக் கொண்டுவருவாள். அந்த வேலைக்கு ஒரு மெஷின் உண்டு. வார்ப்பிரும்பு உடம்பு, அடியில் சுழலும் தேய்ப்புக் கற்கள், தலையில் மோட்டார். அதை இறக்கி ஏற்றவே தனித் திறமை வேண்டும். கொட்டகை வேலை போனபின் தராசு மனைவியின் தொழிலுக்கு வந்து சேர்ந்தார். பழைய கார் ஒன்றும் இரண்டு சக்கர ட்ரெய்லர் ஒன்றும் வாங்கினார்கள். பலகையைச் சாய்த்து, கைப்பிடி போட்ட கயிற்றுச் சுருளைச் சுழற்றி மெஷினை இழுத்து, ட்ரெய்லரில் ஏற்றிக் கட்டுவது அவர் பொறுப்பு. ஓட்டுவது அவள் பொறுப்பு.

ட்ரெய்லரின் முன்னால் நீண்டிருக்கும் இரும்புத் தண்டை அவர்கள் மூக்கு என்பார்கள். மூக்கு நுனியில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒன்று இருக்கும். காரின் பின்னால் இருக்கும் இரும்புக் குண்டின் மேல் அந்தக் கிண்ணத்தைத் தூக்கி வைத்துப் பூட்ட வேண்டும். தூக்குகிற வேலையை மனைவிதான் செய்துவந்தாள். போன வருஷம் அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். குடத்தைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

தராசு இரண்டு நாள் ட்ரெய்லரையே சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு மெஷினை இதுவரை வைத்த இடத்திலிருந்து பின்னால் தள்ளி வைத்தார். சக்கரங்களின் அச்சுக்குப் பின்னால், கடைசிக் கதவை ஒட்டி. இப்போது பின்பக்கத்துப் பாரம் முன்பக்கத்தைத் தூக்கிக்கொடுத்தது. மனைவியைக் கூப்பிட்டு, "இப்ப தூக்கிப் பாரு" என்றார். அவள் ஒரு கையால் தூக்கினாள். மூக்கு பூ மாதிரி எழுந்து வந்தது.

"என்னங்க பண்ணீங்க?"

"என் தொழில்ல ஒரு விஷயம்."

உள்ளூர் வேலைகளுக்கு அப்படியே போய் வந்தார்கள். சந்து, சிக்னல், சந்து என்று வண்டி வேகம் எடுக்க இடமே கிடையாது. ஒரு குறையும் தெரியவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் தரை வேலை வந்தது. இதுவரை கிடைத்ததிலேயே பெரிய வேலை. காலையில் தராசு எப்போதும்போல மெஷினைக் கடைசியில் நிறுத்தி நாலு மூலைக்கும் கயிறு போட்டார். அதன் பக்கத்தில் தேய்ப்புக் கற்கள் அடங்கிய இரும்புப் பெட்டியையும் கயிற்றால் இழுத்து ஏற்றி வைத்தார். இன்றைக்குப் பாரம் கூடுதல் என்பதால் அதையும் பின்னாலேயே வைத்தால்தான் மூக்கு அவளுக்குச் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டார். மனைவியின் தங்கை கூட வேலைக்கு வந்திருந்தாள். வாய்க்குப் பூட்டு இல்லாதவள்.

"மாமா, நான் ஒரு விரலால தூக்கட்டுமா? போட்டோ எடுங்க, பயில்வான்னு போட்டுக்கறேன்."

"விரல் போச்சுன்னா உங்க அக்கா என்னத்தான் கேப்பா. தள்ளி நில்லு."

மனைவி மூக்கைத் தூக்கிக் குண்டில் கவிழ்த்தாள். பூட்டு 'டக்'கென்று விழுந்தது. காரின் பின்பக்கம் கொஞ்சமும் அமுங்கவில்லை. அக்காவும் தங்கையும் காரில் ஏறினார்கள். அங்கே போய்வந்து சாமான் வாங்க ஸ்கூட்டர் வேண்டும் என்பதால் தராசு அதில் பின்தொடர்ந்தார்.

ஊர் எல்லை தாண்டிச் சாலை அகன்றதும் முதல்முறையாகப் பார்த்தார். ட்ரெய்லரின் பின்கதவு லேசாக இடதுபக்கம் போய் வலதுபக்கம் வந்தது. தூக்கத்தில் தலையாட்டுகிற ஆள் மாதிரி. எதிரே ஒரு லாரி கடந்து போனது. காற்று என்று நினைத்தார். மரங்களைப் பார்த்தார். ஒரு இலைகூட அசையவில்லை.

கொஞ்ச தூரத்தில் டயர் கடை ஒன்றின் முன்னால் கார் ஒதுங்கி நின்றது. மனைவி இறங்கி வந்தாள்.

"கொஞ்சம் வேகம் எடுத்தாலே பின்னால யாரோ பிடிச்சு ஆட்டுற மாதிரி இருக்குங்க. கால எடுத்தா நின்னுடுது."

"காத்து கொறஞ்சிருக்கும்."

டயர் கடைக்காரர் காற்றழுத்தம் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தராசு விடவில்லை. புறங்கையை ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் வைத்துப் பார்த்தார். பேரிங் சூடாகவில்லை. நட்டுகளை ஸ்பானர் போட்டு இறுக்கினார். ஒன்றும் தளரவில்லை. மூக்கின் அடியில் குறுக்காகப் போட்ட பாதுகாப்புச் சங்கிலிகளை இழுத்துப் பார்த்தார். கயிறுகளைச் சுண்டிப் பார்த்தார். கம்பி மாதிரி நின்றன. வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. வைத்த இடம் சரியா என்று அவருக்குத் தோன்றவே இல்லை. காற்று ஏற்றும் குழாயைச் சுருட்டிக்கொண்டே கடைக்காரர் காரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"காரோட பின்பக்கம் தூக்கிட்டு நிக்குதேண்ணே. பாரத்த முன்னால தள்ளி வெச்சா என்ன?"

"பாரத்த நான் பாத்துக்கறேன். நீங்க காத்தப் பாருங்க."

தங்கை அக்காவின் காதருகே குனிந்தாள். ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "போயும் போயும் மாமாகிட்ட பாரத்தப் பத்திப் பேசிட்டாரு பாவம்."

மனைவி சிரிக்கவில்லை. "ஏங்க, நிஜமாவே எல்லாம் சரியா இருக்கா? மேல ஏறிட்டா அந்தப் பக்கம் இறக்கம். திருப்ப எடம் இருக்காது."

"இவ்வளவு வருஷம் நான் கட்டின பாரம் ஏதாவது சரிஞ்சிருக்கா?"

அவள் வண்டியில் ஏறினாள். அவர் சொன்னது உண்மைதான். தொழில் பழகியபின் அவர் கட்டிய பாரம் சரிந்ததே இல்லை. இன்றைக்கும் சரியவில்லை.

ஏற்றத்தில் வண்டி சாதுவாகப் போனது. காரின் எஞ்சின் முக்கி இழுத்தது. ட்ரெய்லர் பின்னால் ஒழுங்காக வந்தது. பார்த்தாயா என்று தராசு மனசுக்குள் மனைவியிடம் சொல்லிக்கொண்டார். உச்சியில் கடை கண்ணி எதுவும் இல்லை. சாலை ஒரு வளைவு வளைந்து அப்படியே கீழே சாய்ந்தது. ஒரு பக்கம் வெட்டிய பாறைச் சுவர், அதை ஒட்டி ஜல்லி கொட்டிய ஓரம். மறுபக்கம் இடுப்பளவுத் தடுப்பு, அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

முதல் வளைவில் பிரேக் விளக்கு எரிந்து அணைந்தது. இரண்டாவதிலும் அப்படித்தான். அவள் கியரைக் குறைத்துத்தான் ஓட்டினாள். பிறகு நேரான நீண்ட இறக்கம் வந்தது. தராசின் பின்னாலிருந்து ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது. அவரைத் தாண்டியது. ட்ரெய்லரைத் தாண்டியது. தாண்டும்போது அதன் காற்று ட்ரெய்லரின் வாலை ஒரு பக்கமாகத் தள்ளியதை அவர் கண்ணால் பார்த்தார்.

வால் இடதுபக்கம் போனது. திரும்பி வந்தது. நடுவில் நிற்காமல் வலதுபக்கம் போனது. ஒவ்வொரு தடவையும் முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகப் போனது. நம்பர் பிளேட் அவர் கண்முன் சாலையின் இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் போய் வந்தது. காரின் பின்பக்கமும் கூடவே இழுபட்டது. தரையில் கால் பாவாத ஆளை யாரோ தோளைப் பிடித்து உலுக்குவது போல இருந்தது.

அந்தக் காட்சியை அவர் பார்த்திருக்கிறார். கொட்டகையில் கையால் இழுக்கும் இரண்டு சக்கர வண்டி உண்டு. புதிதாக வந்தவன் தெரியாமல் பின்பக்கம் பாரம் ஏற்றிவிடுவான். முன்னால் பிடித்திருப்பவனை வண்டி அந்தரத்தில் தூக்கும். சரிவில் இறங்கினால் இப்படியும் அப்படியும் வீசும். சுற்றி நிற்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவரும் சிரித்திருக்கிறார். அச்சுக்கு முன்னால் கொஞ்சம் கனம் இருக்க வேண்டும், அந்தக் கனம்தான் வண்டியைப் பிடித்து நிறுத்தும் என்பது கொட்டகையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கையால் இழுக்கும் வண்டியில் தெரிந்ததை அவர் கார் இழுக்கும் ட்ரெய்லருக்கு நினைக்கவில்லை.

"பிரேக் மிதிக்காத" என்று ஹெல்மெட்டுக்குள் சொன்னார். "மிதிக்காத, தாயே, மிதிக்காத."

விளக்கு சிவப்பாக எரிந்தது.

பின்னால் வந்த பாரம் காரைப் பிடித்துத் தள்ளியது. ட்ரெய்லரின் பக்கவாட்டுப் பலகை முழுதாக அவர் பக்கம் திரும்பியது. அவர் போட்ட கயிறுகள் ஒவ்வொன்றையும் பார்க்க முடிந்தது. எல்லாம் இறுக்கமாக இருந்தன. கீழேயிருந்து ஒரு லாரி ஏறி வந்துகொண்டிருந்தது.

விளக்கு அணைந்தது. அவள் காலை எடுத்துவிட்டாள். ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் வெட்டவில்லை. கார் முன்பக்கத்தை நேராக வைத்துக்கொண்டு, எஞ்சின் உறுமலோடு, வால் அடிக்கிற அடியை வாங்கிக்கொண்டே போனது. வீச்சு கூடவில்லை. குறையவும் இல்லை. லாரிக்காரர் விளக்கை மின்னினார். கார் மெல்லப் பாறைப் பக்கம் ஒதுங்கியது. சக்கரங்கள் ஜல்லியில் இறங்கின. புழுதி எழுந்தது. அதற்குள் இரும்பு பாறையில் உரசும் சத்தம் நீளமாகக் கேட்டது.

தராசு ஸ்கூட்டரை நிறுத்தினாரா கீழே போட்டாரா என்று அவருக்கே தெரியாது. மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு ஓடினார். லாரி கடந்து போய்விட்டிருந்தது. ட்ரெய்லரின் ஒரு மூலை பாறையில் நசுங்கி நின்றது. கார் கோணலாக நின்றது. குண்டின் மேல் விழுந்த பூட்டு விட்டுவிடவில்லை. மனைவி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கைக்கு உதட்டோரம் ரத்தம்.

"நாக்கக் கடிச்சுட்டேன் மாமா. இனிமே பேச மாட்டான்னு சந்தோஷப்படாதீங்க." சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

மனைவி திரும்பாமலே கேட்டாள். "என்னங்க அது?"

"நான்தான்."

"நீங்க ஸ்கூட்டர்லல்ல வந்தீங்க?"

"மெஷின பின்னால வெச்சது நான். உனக்கு மூக்கு கனமா இருக்கக் கூடாதுன்னு வெச்சேன். மூக்குல கனம் இல்லன்னா அது காருக்கு அடங்காது."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"இப்ப."

"இப்பன்னா?"

"பஸ் தாண்டிப் போச்சே, அப்ப."

அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "ஒவ்வொரு தடவ தூக்குறப்பவும் நெனச்சுக்குவேன், மனுஷன் நமக்காக எவ்வளவு பாத்துப் பாத்து வெச்சிருக்காருன்னு" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சாலையில் திரும்ப இடம் இல்லை. கீழேதான் போக வேண்டும். பாதி இறக்கம் மிச்சம் இருந்தது.

காரின் எச்சரிக்கை விளக்குகளைப் போட்டார்கள். தங்கை சிவப்புத் துணியோடு மேலே வளைவுக்கு முன்னால் போய், பாறையை ஒட்டி நின்றாள். தராசு சக்கரங்களுக்கு முன்னால் பெரிய கற்களைக் காலால் உருட்டி முட்டுக் கொடுத்தார். கயிற்றை அவிழ்த்து, ட்ரெய்லரில் கிடந்த கடப்பாரையை நெம்புகோலாகப் போட்டு, மெஷினை அங்குலம் அங்குலமாக முன்னால் நகர்த்தினார். அதன் நடு உடம்பு அச்சுக்குச் சற்று முன்னால் வந்ததும் நிறுத்தினார். கல் பெட்டியை மெஷினுக்கு முன்னால் இழுத்து வைத்தார். ஒவ்வொரு வண்டி கடக்கும்போதும் அவரும் மனைவியும் பாறையோடு ஒட்டிக்கொண்டார்கள். கட்டி முடித்ததும் காரின் பின்பக்கம் நன்றாக அமுங்கி உட்கார்ந்திருந்தது.

"அங்க போய் இத எப்படிக் கழட்டுறது?" என்றார் அவர். "நீயும் தூக்கக் கூடாது, நானும் தூக்க முடியாது."

அவள் டிக்கியைத் திறந்து, டயர் மாற்றுவதற்காகக் காரோடு வந்த ஜாக்கியை எடுத்து அவர் காலடியில் வைத்தாள்.

"மூக்குக்கு அடியில பலகை வெச்சு இத முட்டுக் கொடுத்தா தானா மேல வராதா? வாங்கின நாள்லேருந்து இங்கதான் கெடக்கு."

அவர் ஜாக்கியை எடுத்து ட்ரெய்லரின் முன்பக்கத்தில் கட்டி வைத்தார்.

ஸ்கூட்டரைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு அவர் மனைவி பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். கார் ஜல்லியிலிருந்து சாலைக்கு ஏறியது. அவர் பக்கக் கண்ணாடியில் ட்ரெய்லரின் நசுங்கிய மூலை தெரிந்தது. வளைவு வந்தது, போனது. வேகம் கூடியது. பின்னால் ஒரு பெரிய வண்டியின் சத்தம் நெருங்கி வந்தது. அதன் நிழல் முதலில் ட்ரெய்லர்மேல் விழுந்தது, பிறகு கார்மேல். காற்று தள்ளியது. அவர் கை தானாகக் கியர் தண்டை இறுகப் பிடித்தது, கண் கண்ணாடியிலேயே இருந்தது. வால் அசையவில்லை. அசையாதது அவருக்கு நம்பும்படியாக இல்லை. அடுத்த வினாடி அசையும், அதற்கு அடுத்த வினாடி அசையும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கீழே இன்னும் மூன்று வளைவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிந்தன.

"ஏங்க" என்றாள் அவள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கைய எடுங்க. கியர் மாத்தணும்."