எல்லோருக்கும் வெள்ளம்

எங்கள் ஊரில் வெள்ளம் வந்ததே இல்லை. வந்தது என்று சொன்னவன் நான்.

சும்மா டீக்கடையில் சொல்லவில்லை. டிவியில் சொன்னேன்! பின்னணியில் நாதஸ்வரம் ஒலிக்க, திரையின் நான்கு மூலைகளிலும் ரோஜாப்பூ விரிய, கண்கலங்கச் சொன்னேன். ஏழு வருடமாக அந்தப் பொய் நடந்துகொண்டிருக்கிறது. நானும் அதன் பின்னால் நடந்துகொண்டிருக்கிறேன்.

நீங்கள் பாலக்காட்டுக்குக் கிழக்கே வந்திருக்கிறீர்களா? வந்திருந்தால் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். கேரளம் என்றாலே மழை என்று நினைப்பவர்கள் எங்கள் பக்கம் வந்து பார்க்க வேண்டும். மேகம் எங்கள் தலைக்கு மேலே வரும், எட்டிப் பார்க்கும், வந்த வேலை வேறு என்பதுபோலப் போய்விடும். மாசி பிறந்தால் தெருவுக்குத் தண்ணீர் லாரி வர வேண்டும். அப்பேர்ப்பட்ட ஊருக்குத்தான் நான் வெள்ளம் கொண்டுவந்தேன்.

என் பெயர் தங்கவேலு. கல்யாண வீடியோ எடுப்பது தொழில். ரோஜாப்பூவும் நாதஸ்வரமும் அங்கிருந்து வந்தவைதான், வேறொன்றும் என் கம்ப்யூட்டரில் இல்லை.

ஆனால் என் ஆசை வேறு. டிவியில் எங்கள் ஊர் வர வேண்டும்! எங்கள் கதை, எங்கள் கோயில், எங்கள் கூத்து, எங்கள் வாய்க்கால் சண்டை... எல்லாம் வர வேண்டும். இது நியாயமான ஆசையா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். தமிழ்ச் சேனலின் வரைபடம் எல்லையிலுள்ள வாளையாறோடு முடிந்துவிடும். மலையாளச் சேனலுக்கு நாங்கள் வெயில் அளவு சொல்லும்போது மட்டும் நினைவுக்கு வருவோம். "பாலக்காட்டில் கொடும் வெயில்" என்பார்கள், அதோடு அடுத்த செய்தி. நாங்கள் வெயிலில் காய்வதைத் தவிர வேறெதுவும் செய்ததில்லையா?

இதையே எல்லாரிடமும் புலம்பினேன். பந்தியில் சாப்பிடுபவரை நிறுத்திப் புலம்பினேன். கடைசியில் எங்கள் பக்கத்து கேபிள் சேனல்காரர், என் தொல்லை தாங்காமல், சனிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். "வரலாறுதானே வேணும்? நீயே எடுத்துக் கொண்டா" என்றார்.

அப்போதுதான் ஓர் உண்மை எனக்கு உறைத்தது. எங்கள் ஊர் வரலாறு எனக்கு ஒரு வரிகூடத் தெரியாது!

யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாதவன் என்று ஆகிவிடுமே... கேட்கவில்லை. கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றினேன். மாணிக்கம் அண்ணனின் தென்னந்தோப்பு ஓரத்தில், சாலையும் வேலியும் சேரும் இடத்தில், ஒரு கல் நின்றது. பிறந்தது முதல் பார்க்கிற கல். அதில் ஆடு கட்டுவார்கள், லாரிக்காரர்கள் கால் வைத்துச் செருப்பு வார் போடுவார்கள். அன்று குனிந்து பார்த்தேன். மலையாளத்தில் ஒரே ஒரு சொல் செதுக்கியிருந்தது. அதற்குக் கீழே, முழங்கால் உயரத்தில், படுக்கையாக ஒரு கோடு.

நான் தமிழ் மீடியத்தில் படித்தவன். என் மலையாள எழுத்தறிவு பஸ் போர்டு வரைக்கும்தான். எழுத்துக்கூட்டிப் படித்தேன். வெ... ள்... ளம். வெள்ளம்!

இங்கேதான் என் மூளை என்னைக் கைவிட்டது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். இது எனக்குத் தெரியாதா? தினமும் டீக்கடையில் "சேட்டா, வெள்ளம்" என்று கேட்டு வாங்கிக் குடிப்பவன் நான்! ஆனால் கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்ததும் உள்ளே இருந்த மலையாளி ஓடிவிட்டான், தமிழன் மட்டும் நின்றான். தமிழனுக்கு வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. கீழே கோடு வேறு இருக்கிறது. பிறகென்ன?

"அன்பார்ந்த நேயர்களே! முன்னொரு காலத்தில் இந்த மண்ணை மூழ்கடித்த பெருவெள்ளம், இதோ, இந்தக் கோடு வரை வந்தது!"

சொல்லும்போதே எனக்குக் கண் கலங்கியது. என்ன நடிப்பு என்று நினைக்காதீர்கள், நிஜமாகவே கலங்கியது. எங்கள் ஊருக்கும் ஒரு துக்கம் இருந்திருக்கிறதே என்ற பெருமை அது.

சனிக்கிழமை ஒளிபரப்பாயிற்று. ஞாயிற்றுக்கிழமை நான் பெரிய மனிதனாகிவிட்டேன். டீக்கடையில் நாற்காலி தந்தார்கள். ஆட்டோக்காரர்கள் "வெள்ளம் அண்ணா" என்று கூப்பிட்டார்கள். மலையாளிகள் சிலரும் பார்த்திருந்தார்கள், "தண்ணீர் இதுவரை" என்றுதான் அவர்களுக்கும் பொருள்பட்டிருக்கிறது, தலையை ஆட்டிவிட்டார்கள். சந்தேகப்பட்டவன் ஒரே ஒருவன்தான். சாந்தன்பாறையில் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் என் மனைவியின் தம்பி, போனில் வந்த வீடியோவைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான்.

"என்ன மச்சான், ஒங்க ஊர்ல தூறலே விழாதே, வெள்ளம் எங்கிட்டிருந்து வந்துச்சு?"

பொறாமை என்று என் மனைவியிடம் சொன்னேன்.

மூன்றாம் நாள் கண்ணம்மா வந்தாள்.

கண்ணம்மா தோப்புக்கு எதிர்த்தெருவில் இருப்பவள். தக்காளித் தோட்ட வேலைக்குப் போகிறவள். என்னைவிட நான்கைந்து வயது இளையவள். வாசலில் நின்றுகொண்டு, பாராட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நான் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டிருக்க, அவள் கல் இருக்கும் இடத்துக்கு வரச் சொன்னாள். போனேன். கையோடு கொண்டுவந்த களைக்கொத்தால் கல்லின் அடியில் இருந்த மண்ணைக் கொத்தி எடுத்தாள். சேலைத் தலைப்பால் துடைத்தாள். மண்ணுக்குள்ளிருந்து இன்னொரு வரி வந்தது.

"நாலாங்கிளாசு வரைக்கும் மலையாளத்துலதானுங்ண்ணா படிச்சேன்," என்றாள். "எல்லாவர்க்கும்னு இருக்குதுங்க. மேல வெள்ளம், கீழ எல்லாவர்க்கும். இது கோடில்லீங்க, அம்பு. தலை தேஞ்சு போச்சு. அம்பு காட்டற பக்கம் பாருங்க."

பார்த்தேன். வேலிக்கு அந்தப்பக்கம் மாணிக்கம் அண்ணனின் கிணறு இருந்தது.

எல்லோருக்கும் தண்ணீர். அதைத்தான் நான் எல்லோருக்கும் வெள்ளமாக்கியிருக்கிறேன்!

பிறகு அவள் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். அந்தக் கிணறு பொதுக்கிணறு. அவளுடைய அம்மா அங்கேதான் குடம் நிறைத்தாள். வேலி நகர்ந்து நகர்ந்து ஒருநாள் கிணற்றைத் தாண்டிவிட்டது. அப்புறம் மோட்டார் வந்தது, தென்னைக்குப் பாய்ந்தது. கண்ணம்மா பஞ்சாயத்துக்கு நடையாக நடந்திருக்கிறாள். அங்கே ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி, "தெளிவு உண்டோ?" மலையாளத்தில் தெளிவு என்றால் ஆதாரம். அவளிடம் இருந்த ஒரே ஆதாரம் அந்தக் கல். அதைக் காட்ட ஆள் கூட்டிவருவதற்குள் நான் கேமராவோடு முந்திக்கொண்டுவிட்டேன்.

"நீங்க டிவில சொல்லீட்டீங்கன்னா ஊரே கேக்கும்ங்ண்ணா," என்றாள். அவள் கோபப்படவில்லை. உண்மையில் சந்தோஷமாக இருந்தாள்! டிவியில் நம்ம ஊர்க் கதை வர வேண்டும் என்று நான் பந்தி பந்தியாகக் கத்தியதை நிஜமாக நம்பிய ஒரே ஆள் அவள்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை திருத்திச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

சொன்னேனா? அடுத்த சனிக்கிழமை மாரியம்மன் கோயில் கொடிமரத்தைப் பற்றிச் சொன்னேன். அதற்கடுத்த சனிக்கிழமை பழைய சந்தையைப் பற்றிச் சொன்னேன். நான் எனக்குள் எப்படியெல்லாம் வாதாடினேன் தெரியுமா? முதல் நிகழ்ச்சியே தப்பு என்றால் இரண்டாவதை எவன் பார்ப்பான்? சேனல்காரர் அரை மணி நேரத்தைப் பிடுங்கி நகைக்கடை விளம்பரத்துக்குக் கொடுத்துவிட மாட்டாரா? ஊர் வரலாறு வாழ வேண்டுமானால் ஊர் வரலாற்றைப் பற்றிய இந்த ஓர் உண்மை கொஞ்சநாள் பொறுத்திருக்கக் கூடாதா? எவ்வளவு அழகான வாதம்! உண்மையில் உள்ளே இருந்தது இதெல்லாம் இல்லை. டீக்கடை நாற்காலி. அவ்வளவுதான்.

இதுவரை சொன்னது மறதி, கோழைத்தனம் என்று நீங்கள் மன்னிக்கக்கூடும். அவசரப்படாதீர்கள். இனிமேல்தான் இருக்கிறது.

மாணிக்கம் அண்ணன் வெள்ளக்கல்லுக்கு மேடை கட்டித் தர முன்வந்தார். அவருக்குக் கல்லின் உண்மை தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியாது. அப்பா விட்டுப்போன தோப்பு, கிணறும் அதோடு வந்தது என்று அவர் நினைத்திருக்கலாம். எனக்குத் தெரியும். அதுதான் விஷயம். மேற்பார்வைக்கு என்னை நிற்கச் சொன்னார், வரலாற்றுக்காரன் நானல்லவா! கொத்தனார் கலவையைக் குழைத்துக்கொண்டே அடியைப் பார்த்தார்.

"ஏனுங்க, கீழ என்னமோ எழுத்து இருக்குதுங்களே. அதுக்கு மேலயே பூசீரலாமுங்களா?"

நான் வானத்தைப் பார்த்தேன். ஒரு மேகம்கூட இல்லை.

"பூசுங்க" என்றேன்.

இதுதான் என் குற்றம். வெள்ளம் என்று உளறியது குற்றமில்லை, அது அசட்டுத்தனம். ஒரு சொல்லால், என் கண்முன்னால், என் சம்மதத்தோடு, 'எல்லோருக்கும்' என்பது சிமெண்டுக்குள் போனது. மேலே நீலநிற டைல்ஸ் ஒட்டினார்கள். அலை மாதிரி டிசைன். தேர்ந்தெடுத்ததும் நானே.

கண்ணம்மா அதன்பிறகும் பஞ்சாயத்துக்குப் போனாள். கடைசியில் ஒரு கிளார்க் வந்து பார்த்தார். மேடையைப் பார்த்தார், டைல்ஸைத் தட்டிப் பார்த்தார், மேலே இருந்த சொல்லைப் படித்தார். டிவியிலேயே வந்துவிட்டதே, இது வெள்ளக்கல் அல்லவா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். டிவியில் வந்தால் ஊர் மதிக்கும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது எவ்வளவு சரி!

இப்போது வருடந்தோறும் வெள்ள நாள் கொண்டாடுகிறோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காகிதக் கப்பல் செய்து வருவார்கள். விடுவதற்குத் தண்ணீர் இல்லாததால் மேடையில் வரிசையாக வைத்துவிட்டுப் போவார்கள். ஒருமுறை ரப்பர் படகு ஒன்றைக் காற்றடித்துக் கொண்டுவந்து, ஆறு பேர் உயிர்காப்புச் சட்டையோடு புழுதியில் உட்கார்ந்து துடுப்புப் போட்டுக் காட்டினார்கள். ஊரே கைதட்டியது. நானும் தட்டினேன். வெள்ளத்தின் உயரமும் ஏறிக்கொண்டே வந்தது. முதலில் முழங்கால் என்றேன், அடுத்த வருடம் இடுப்பு, அதற்கடுத்து மார்பு. மேடை கட்டியபின் கல்லின் கோடு கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. என் வெள்ளமோ கழுத்துக்கு ஏறிவிட்டது. யாரும் கேட்கவில்லை!

தண்ணீர் லாரி எங்கே நிற்கும் என்று நினைக்கிறீர்கள்? அந்த மேடை பக்கத்தில்தான். இடம் வசதி. எதிர்த்தெருக் குடங்கள் எல்லாம் நீல அலைகளின் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். வேலிக்கு அந்தப்பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும்.

சென்ற மாசியில் நான் ஆயுள் முழுக்கக் கேட்டது நடந்தது. பெரிய மலையாளச் சேனல் ஒன்று எங்கள் ஊருக்கு வந்தது! கிராமங்களின் வரலாறு பற்றித் தொடர் எடுக்கிறார்களாம். இளம் பெண் நிருபர், மைக், குடை பிடிக்க ஓர் ஆள். என்னைக் கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். காலை நேரம், லாரி இன்னும் வரவில்லை. குடங்களை ஓரமாக எடுத்துவைக்கச் சொன்னார்கள், படத்தில் விழுகிறதாம். கண்ணம்மா தன் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் வந்து நின்றாள். என் முகத்துக்கு நேராக.

"சேட்டா, வெள்ளம் எவிடெ வரெ வந்நு?" என்று நிருபர் கேட்டாள். எதுவரைக்கும் வந்தது என்று.

இதோ இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது. குனிந்து டைல்ஸைத் தட்டி, இதற்கடியில் ஒரு சொல் இருக்கிறது அம்மா, என்றால் போதும். ஏழு வருடத்துக்கு ஏழு நொடி. கண்ணம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. அதுதான் என்னைக் கொல்கிறது... இன்னும் இருந்தது!

சிவப்பு விளக்கு எரிந்தது.

என் கை தானாக எழுந்து என் கழுத்தைத் தொட்டது.

"இவிடெ வரெ" என்றேன்.

படம் முடிந்து அவர்கள் போனபின், கண்ணம்மா குடத்தை மறுபடி மேடையில் வைத்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன், அதற்கு ஏழு வருடமாக ஒத்திகை பார்த்திருக்கிறேன். அவள் சாதாரணமாக, விலாசம் சொல்வது போலச் சொன்னாள்.

"உங்க வெள்ளம் வடிஞ்சதும் சொல்லுங்ண்ணா. கெணத்துக்குக் கொடத்தெ எடுத்துட்டு வாரேன்."

அன்றே ஒரு கடப்பாரை வாங்கினேன். ஆமாம், வாங்கினேன்! வீட்டு வாசலில் சாய்த்து வைத்திருக்கிறேன். டைல்ஸ் இரண்டே இரண்டு பெயர்த்தால் போதும். தினமும் காலையில் அதைக் கையில் எடுக்கிறேன், கனம் பார்க்கிறேன், திரும்ப வைக்கிறேன். என் மனைவி இப்போது அதில் மிதியடித் துணி காயப்போடுகிறாள்.

அந்தத் தொடர் இந்த வாரம் ஒளிபரப்பாகிறது. நீங்கள் பார்ப்பீர்கள். கழுத்தைத் தொட்டுக் காட்டுகிற அந்த ஆள் நான்தான். அவனை நம்பாதீர்கள்.

லாரி இன்று வரவில்லை. குடங்கள் மேடையில்தான் இருக்கின்றன.